ஆடி கழியட்டும் என்று

என் மனைவி எங்கள் வீட்டில் இதுவரை நூற்றுப் பதினாறு நாட்கள் தங்கியிருக்கிறாள். வீடு கட்டி முடித்து நான்கு வருடங்கள் ஆகின்றன. அவளுக்கு மஸ்கட்டில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ் வேலை. வருடத்துக்கு ஒரு முறை லீவில் வருவாள், இருபத்தொன்பது நாள் இருப்பாள், போய்விடுவாள். வந்த நாளும் போன நாளும் டைரியில் இருப்பதால் கூட்டிப் பார்ப்பது சுலபம். கூட்டிப் பார்க்காமலே இருந்திருக்கலாம்.

அவள் ஏழு வருடங்களுக்கு முன்பு போனதே இந்த வீட்டுக்காகத்தான். கே.கே.நகருக்கு அப்பால் மனை வாங்கியிருந்தோம். பையன் அப்போது பள்ளியில் இருந்தான். இப்போது சென்னையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான். அவள் அங்கிருந்து அனுப்ப, நான் இங்கே நின்று கட்டினேன். சமையலறை மேடை போடும்போது கொத்தனார் வழக்கமான உயரம் வைக்கிறேன் என்றார். அவள் கொஞ்சம் குள்ளம். இரண்டு அங்குலம் குறைத்துப் போடச் சொன்னேன். இப்போது வருடம் முழுவதும் அந்த மேடையில் குனிந்து சமைப்பவன் நான்தான். இடுப்பு வலிக்கும்போதெல்லாம் அவள் உயரம் ஞாபகம் வரும்.

துவாக்குடியில் ஒரு சிறிய தொழிற்கூடத்தில் எனக்கு வேலை இருந்தது. மற்றவர்கள் வெல்டிங் செய்ததை அளந்து பார்த்து, சரி அல்லது சரியில்லை என்று எழுதுவது என் வேலை. பத்தொன்பது வருடம் எழுதினேன். பிறகு அந்த இடத்தை மூடிவிட்டார்கள். சும்மா இருக்க முடியாமல் நானே வெல்டிங் மெஷினைத் தூக்கிக்கொண்டு கேட், கிரில் ரிப்பேருக்குப் போக ஆரம்பித்தேன்.

அப்படித்தான் ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் ஒரு வீட்டு கேட்டுக்குப் போனபோது, பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெரியவர் எட்டிப் பார்த்தார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிள்ளை அமெரிக்காவில். வீட்டில் அவரும் மாமியும் மட்டும். மாமியால் நடக்க முடியாது.

"இந்த வண்டியைக் கொஞ்சம் பாக்கறேளா? முன் சக்கரம் கோணிண்டு நிக்கறது. வாடகைக்குக் குடுத்தவனைக் கேட்டா, புதுசு வாங்கிக்கோங்கோங்கறான்."

வீல்சேரைத் திருப்பிப் பார்த்தேன். சக்கரத்தைத் தாங்கும் கவை வளைந்திருந்தது. கால் மணி நேர வேலை. நிமிர்த்தி, ஒரு பட்டி வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தேன். மாமி உட்கார்ந்து பார்த்துவிட்டு, "ஏன்னா, மூணு மாசமா பெருமாளைச் சேவிக்காம உக்காந்திருந்தேனே, இத்தனூண்டு இரும்புக்காகவா?" என்று மாமாவைப் பிடித்துக்கொண்டார்.

"நானா கோணலாக்கினேன்?" என்றார் மாமா.

"நிமிர்த்தவும் இல்லையே."

அந்த ஒரு வீட்டுக்குப் பிறகு அதே வீதியில் நான்கு வீடுகளில் கூப்பிட்டார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீடுகள். சாய்த்து நிமிர்த்தும் கட்டில், வீல்சேர், வாக்கர் எல்லாம் வாடகைக்கு எடுத்தவை. ஏதாவது ஒன்று உடைந்திருந்தது. அவற்றை வாடகைக்குக் கொடுப்பவருக்கு இரும்பும் தெரியவில்லை, நோயாளியையும் தெரியவில்லை. எனக்கு இரும்பு தெரியும். அவளுக்கு நோயாளியைத் தெரியும். எந்த உயரத்தில் கட்டில் இருந்தால் முதுகில் புண் வந்தவரைத் திருப்பிப் போட முடியும் என்று போனிலேயே சொல்லுவாள். நான் அதன்படி இரண்டு பழைய கட்டில்களைச் சரிசெய்து வைத்தேன். கடை என்று ஒன்று போட்டால் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போட வேண்டிய கடை இதுதான் என்று அன்று டைரியில் எழுதினேன்.

அவள் வேலை ஒப்பந்தம் முதலில் ஒரு வருடம், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை. இந்த வருடம் செப்டம்பர் பத்தாம் தேதிக்குள் அடுத்த இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது போடாமல் ஊருக்கு வர வேண்டும். சிறுதொழில் தொடங்குபவர்களுக்கு அரசு மானியம் இருக்கிறது என்று தெரிந்ததும் எனக்குள் ஒரு வரிசை உண்டாகிவிட்டது. முதலில் மானியம். பிறகு கடை. பிறகு அவள்.

ஆனி மாதம் முழுவதும் கோப்பு தயாரித்தேன். திட்ட அறிக்கை, மூன்று கடைகளில் வாங்கிய விலைப்புள்ளி, கடைக்குப் பார்த்த இடத்தின் வாடகை ஒப்பந்தம், கல்விச் சான்று, ஆதார் நகல், போட்டோ. ஒவ்வொரு தாளுக்கும் வலது மேல் மூலையில் பக்க எண் போட்டு, முன்னால் ஒரு பொருளடக்கமும் வைத்தேன். ஆனி கடைசி நாள் சாயங்காலம் எல்லாம் முடிந்தது. மறுநாள் ஆடி.

"நாளைக்கே போய்ப் போட்டுருங்க," என்றாள் போனில்.

"ஆடி கழியட்டும்."

"வேதக்காரவங்களுக்கு ஏதுங்க ஆடி?"

நியாயமான கேள்விதான். எங்கள் வீட்டில் கிழமை பார்ப்பதில்லை, ராகு காலம் பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறவர்கள். ஆனாலும் எங்கள் பங்கில், அந்தக் கோவிலைச் சேர்ந்த குடும்பங்களில், யாரும் ஆடியில் புது வீட்டில் பால் காய்ச்சி நான் பார்த்ததில்லை. பங்குச் சாமியார் கேட்டால் மழுப்புவோம். எனக்கு அதற்கு மேலும் ஒரு காரணம் இருந்தது. புதிதாகக் கல்யாணமானவர்களை ஆடியில் பிரித்துவைப்பது ஊர் வழக்கம். எங்களை ஆடி, கல்யாணமாகிப் பதினாலாவது வருடத்தில் பிரித்துவைத்தது. அவள் விமானம் ஏறியது ஒரு ஆடி நாலாம் தேதி. அந்த மாதத்தின் பேரைக் கேட்டாலே எனக்கு விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவு நினைவுக்கு வரும். அவள் திரும்பி வருவதற்கான முதல் தாளை அதே மாதத்தில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஸ்ரீரங்கத்து மாமியிடமும் இதைச் சொன்னேன். ஆடி முதல் வெள்ளிக்கிழமை, வண்டிக்கு எண்ணெய் விடப் போயிருந்தேன்.

"நீங்க கிறிஸ்டியன்தானே?" என்றார் மாமி.

"ஆமாங்க மாமி."

"எங்களுக்கே ஆடி உசத்தியான மாசம். ஆடிப்பூரத்துல நாச்சியார் அவதாரம். நாங்களே பயப்படலை, நீங்க யாருக்குப் பயப்படறேள்?"

"அவருக்கு ஆத்துக்காரி வரணுமோல்லியோ, அந்தப் பயம்," என்றார் மாமா உள்ளேயிருந்து.

நான் சிரித்துக்கொண்டே எண்ணெய் விட்டேன். அவசரமில்லை என்றுதான் நினைத்தேன். அந்தத் திட்டத்தில் ஆண்களுக்கு நாற்பத்தைந்து வயது முடிந்திருக்கக் கூடாது. எனக்கு முடிய ஐப்பசி வரை நாள் இருந்தது.

ஆடி முப்பத்தொரு நாளும் எங்கள் தெருவுக்கு மேலே விமானங்கள் போய் வந்தன. வீட்டிலிருந்து நிலையம் பக்கம்தான். எது எந்த ஊர் விமானம் என்று நேரத்தை வைத்தே சொல்லிவிடுவேன். மஸ்கட்டிலிருந்து வருவது தாழ்வாக, மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு நேர் மேலே இறங்கும். அதில் அவள் இல்லை என்று தெரிந்தும், கையில் இருப்பதை வைத்துவிட்டு மாடிப்படிக்கு வருவேன். கடந்து போனதும் போய் வேலையைப் பார்ப்பேன். மாடியறையில் அவளுக்கென்று ஒரு அலமாரி அடித்து வைத்திருந்தேன். அதில் அவள் விட்டுப்போன நான்கு சேலைகளும், ஒரு செபமாலையும், வெறும் ஹேங்கர்களும். அந்த மாதம் இரண்டு தடவை அதைத் துடைத்தேன்.

ஆவணி மூன்றாம் நாள், காலை பத்தரைக்கு, எங்கள் பகுதியிலுள்ள இ-சேவை மையத்துக்குப் போனேன். கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பெண் கோப்பைப் புரட்டிப் பார்த்து, "சார், இவ்ளோ நீட்டா யாரும் கொண்டு வரமாட்டாங்க," என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பேர், முகவரி, ஆதார் எண் என்று ஒவ்வொன்றாகத் தட்டினாள். பிறகு நிறுத்தினாள். மறுபடியும் தட்டினாள்.

"சார், எடுக்க மாட்டேங்குது. உங்களுக்கு நாற்பத்தஞ்சு முடிஞ்சிருச்சே."

"இல்லம்மா. ஐப்பசியிலதான் முடியுது."

"ஆதார்ல ஜூலை இருபத்தேழுன்னு இருக்கே சார்."

"அது சர்டிபிகேட் பிறந்தநாள்மா."

சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது.

எனக்குப் பிறந்தநாள் இரண்டு. நான் பிறந்தது ஐப்பசியில், தீபாவளிக்கு மறுவாரம். கோவிலில் ஞானஸ்நானப் பதிவேட்டில் அதுதான் இருக்கிறது. பூசைக்குக் கொடுப்பதும் கேசரி கிண்டுவதும் அன்றைக்குத்தான். ஆனால் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது மூன்று மாதம் வயது போதவில்லை. தலைமையாசிரியையாக இருந்த சிஸ்டர் என் அப்பாவைப் பார்த்து, "அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க," என்றிருக்கிறார். அப்பா கெஞ்சியிருக்கிறார். சிஸ்டர் மனமிரங்கி ஜூலை இருபத்தேழு என்று எழுதிவிட்டார். என் தலைமுறையில் பாதிப் பேருக்கு இப்படித்தான் பிறந்தநாள். பள்ளிக்கூடம் கொடுத்த தேதி என்று ஒன்று, அம்மா சொல்லும் தேதி என்று ஒன்று.

கோப்பிலும் ஜூலை இருபத்தேழு என்றுதான் என் கையாலேயே எழுதியிருந்தேன். எத்தனையோ விண்ணப்பங்களில் எழுதி எழுதி, அது எனக்குத் தேதியாகவே தெரியாமல் போய்விட்டது. ரேஷன் கார்டு எண் மாதிரி ஒரு எண். வயதைக் கணக்கிட்டபோது மட்டும் நான் உண்மையிலேயே பிறந்த நாளை வைத்துக் கணக்கிட்டிருக்கிறேன். ஆடி முதல் தேதி போயிருந்தால் பத்து நாள் மிச்சம் இருந்திருக்கும். இப்போது இருபத்து மூன்று நாள் தாண்டியிருந்தது.

"வேற ஏதாவது தேதி போட்டுப் பாக்கலாமாம்மா?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டதற்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.

"ஆதார்லருந்தே எடுத்துக்கும் சார், நம்ம போட முடியாது," என்றாள். கோப்பை என்னைவிடப் பத்திரமாக மூடிக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் மனைவி கேட்டாள், "போட்டாச்சா?"

"சர்வர் வேலை செய்யல," என்றேன். டைரியில், 'பொய் சொன்னேன்' என்று எழுதினேன்.

பங்குக் கோவிலுக்குப் போய் ஞானஸ்நானச் சான்று வாங்கினேன். அதை எடுத்துக்கொண்டு அடுத்த திங்கட்கிழமை மானிய அலுவலகத்துக்கே நேராகப் போனேன். அங்கே ஒரு பெண் அதிகாரி, என்னைவிட ஐந்தாறு வயது இளையவர், சான்றை முழுவதும் படித்தார். ஞானத்தாய், ஞானத்தகப்பன் பேர் வரைக்கும் படித்தார்.

"எனக்கும் ரெண்டு பிறந்தநாள்தாங்க சார்," என்றார். "நீங்க சொல்றது உண்மைதான். ஆனா நான் ஒண்ணும் செய்ய முடியாது. பள்ளிச் சான்றுல இருக்கறதுதான் கணக்கு." பிறகு கோப்பைத் திறந்து திட்ட அறிக்கையைப் பார்த்தார். "நல்ல தொழிலா இருக்கே. இதுல நர்ஸ் ஒருத்தங்கன்னு எழுதியிருக்கீங்களே, யாரு?"

"என் மனைவிங்க."

"அவங்க பேர்ல போடுங்களேன். பெண்களுக்கு வரம்பு இன்னும் பத்து வருஷம் கூட இருக்கு."

"அவங்க மஸ்கட்ல இருக்காங்க மேடம்."

"அப்ப வரணும். இங்கதான் இருக்கேன்னு கையெழுத்துப் போடணும், நேர்காணலுக்கு வரணும், பயிற்சிக்கும் வரணும். போன்ல எல்லாம் ஆகாது." கோப்பை என் பக்கம் தள்ளினார். "வந்தாலும் கிடைச்சிடும்னு நான் சொல்லலை சார். குழு பார்த்துத்தான் முடிவு பண்ணும்."

திரும்பி வரும் பஸ்ஸில் என் வரிசை தலைகீழாகிவிட்டதை உணர்ந்தேன். முதலில் அவள். பிறகு விண்ணப்பம். மானியம் வந்தாலும் வரலாம்.

மூன்று நாள் அவளிடம் இதைச் சொல்லவில்லை. காரணம் உண்டு. ஏழு வருடத்துக்கு முன்பு அந்தக் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் அவள் என்னிடம் ஒன்று சொன்னாள். "நீங்க வான்னு சொன்னா நான் வந்துருவேன். அப்புறம் என்னால அங்க இருக்க முடியாது. அதனால சும்மா ஆசைக்குச் சொல்லாதீங்க." அன்று முதல் நான் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. 'எப்ப வர்றே' என்று கேட்பேன், 'லீவு சொல்லியாச்சா' என்று கேட்பேன். 'வா' மட்டும் இல்லை. அவள் காய்ச்சலில் படுத்திருந்தபோது சொல்லவில்லை. வீடு முடிவதற்கு முன்பு என் அப்பா இறந்தபோதுகூடச் சொல்லவில்லை. அவளாகவே நான்கு நாள் லீவில் வந்தாள். கையில் ஏதாவது ஒன்றை வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும் என்று இருந்தேன். நான் அந்தச் சொல்லை மானியக் கோப்போடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தது யாருக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை அவளுக்கு வார விடுமுறை. மத்தியானம் சாப்பிட்டு முடித்து நானே கூப்பிட்டேன்.

"சர்வர் எழுந்திரிச்சிருச்சா?" என்றாள்.

"சர்வருக்கு ஒண்ணும் இல்ல. எனக்குத்தான் வயசாயிருச்சு."

எல்லாவற்றையும் சொன்னேன். ஜூலை இருபத்தேழு என்றதுமே அவள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். பக்கத்து அறைப் பெண் என்ன என்று கேட்பது எனக்குக் கேட்டது.

"சிரிக்காதே."

"ஏங்க, பால் பொங்கினாக்கூடத் தேதி போட்டு எழுதி வைக்கிற மனுஷன், பொறந்த தேதியையா கோட்டை விட்டீங்க? அதுவும் ஆடி பார்த்து! இத சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொன்னீங்களா?"

"இன்னும் இல்ல."

"சொல்லுங்க. அவரும் பாவம், சிரிச்சு நாளாச்சு."

அப்புறம் மூக்கை உறிஞ்சினாள்.

"அப்ப பத்தாந்தேதி நான் கையெழுத்துப் போட்டுரட்டுமா?" என்றாள்.

"உன் பேர்ல போடலாம்கிறாங்க. அதுக்கு நீ இங்க இருக்கணும்."

"வந்தா கெடைச்சிருமா?"

"தெரியாது. கிடைக்காமலும் போகலாம்."

"கெடைக்கலைன்னா?"

"ரெண்டு கட்டில் இருக்கு. வீல்சேரு ஒண்ணு பழசு வாங்கி நிமிர்த்தி வச்சிருக்கேன். அத வச்சு ஆரம்பிக்கலாம். சிரமம்தான்."

"அதுக்கு நான் எதுக்குங்க? அத நீங்களே ஆரம்பிக்கலாமே."

அலுவலகமும் விதியும் பயிற்சியும் எல்லாம் அவள் கேட்ட ஒரு கேள்வியில் உதிர்ந்துவிட்டன.

"நீ வா," என்றேன்.

போன் அறுந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். திரையைப் பார்த்தேன், விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"ஆவணிதானே இது?" என்றாள் கடைசியில்.

"ஆவணி பன்னண்டு."

"நல்ல மாசம்தானே?"

"நல்ல மாசம்தான்."

"சரி. நாளைக்கே எழுதிக் குடுத்துடறேன். ரெண்டு மாசம் வேலை பாத்துட்டுத்தான் விடுவாங்க. அதுக்குள்ள அரிசியில வண்டு விழாம பாத்துக்குங்க."

இதெல்லாம் நடந்து மூன்று வாரம் ஆகிறது. அவள் கையெழுத்துப் போடாமல் பத்தாம் தேதி போய்விட்டது. டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை; அங்கே அவள் இடத்துக்கு ஆள் வர வேண்டும். இன்று மத்தியானம் அந்த அலுவலகத்தில் கொடுத்த அச்சடித்த படிவத்தை எடுத்து, அவள் பேரில் நிரப்ப உட்கார்ந்தேன். கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கு முன் தாளில் எழுதிப் பார்த்துவிடுவது என் வழக்கம். இந்தத் தடவை பிறந்த தேதியைத்தான் முதலில் பார்த்தேன். அவள் ஆஸ்பத்திரியில் பிறந்தவள், பாக்கியசாலி, ஒரே தேதி. படிப்பு எழுதினேன். அனுபவம் எழுதினேன். 'தற்போது வசிக்கும் முகவரி' என்ற இடத்தில் எங்கள் வீட்டு எண்ணை எழுதி, தெருவை எழுதி, பின்கோடு வரை எழுதிவிட்டு, ஒரு முறை திரும்பப் படித்தேன்.

அடுத்தது, அங்க அடையாளம். அவளுக்கு முன்கையில் ஒரு மச்சம் உண்டு. மிளகு அளவு. கல்யாணமான புதிதில் எறும்பு என்று நினைத்துத் தட்டிவிடப் பார்த்திருக்கிறேன். வலது கையா இடது கையா என்று எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. வலது என்றுதான் மனதில் இருந்தது. போன் வீடியோவில் அவள் கையாட்டுவதை நினைத்தால் இடது என்று வந்தது. டைரிகளில் தேடினேன். அதை நான் எழுதி வைத்திருக்கவில்லை.

வேலை இடைவேளையில் அவளே கூப்பிட்டாள். கேட்டேன்.

"இருபத்தோரு வருஷம் குடும்பம் நடத்தின ஆள் கேக்கற கேள்வியாங்க இது?"

"எந்தக் கைன்னு மட்டும் சொல்லு."

"சொல்ல மாட்டேன். வந்து காட்டறேன், அப்ப எழுதிக்குங்க," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன். அதற்குக் கீழே இருப்பது ஒன்றுதான், விண்ணப்பதாரர் கையொப்பம். அதையும் அவள்தான் போட வேண்டும்.